வீடு விற்பனைக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் திறந்தால் புல்வெளி முழுக்கப் பலகைகள். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்தான்: வீடு விற்பனைக்கு.

முந்தின நாள் தோல்வி அப்படி. கல்லூரியின் பழைய மாணவர்களெல்லாம் குடும்பத்தோடு ஊர் திரும்பிப் பார்க்கிற ஃபுட்பால் ஆட்டம். அதில் போய், பேர் தெரியாத ஒரு கல்லூரியிடம், சொந்த மைதானத்திலேயே மண்ணைக் கவ்வினோம்.

என் கணவர் ராய்ஸ்தான் கோச்.

கோச்சை வேலையைவிட்டு அனுப்பு என்று சொல்வதற்கு அலபாமாவில் ஒரு வரிசைமுறை உண்டு. முதலில் வானொலிக்கு ஃபோன் போட்டுத் திட்டுவார்கள். பிறகு மாணவர்கள் படுக்கை விரிப்பில் எழுதி கேலரியில் தொங்கவிடுவார்கள். அப்புறம் யாராவது காசு திரட்டி, ஆட்டம் நடக்கும்போது குட்டி விமானத்தின் வாலில் துணியைக் கட்டிப் பறக்கவிடுவார்கள். கடைசியாகத்தான் வீட்டு வாசலுக்கு வருவார்கள். மூட்டையைக் கட்டு என்று வாயால் சொல்லாமல், உன் வீட்டை நாங்களே விலைக்குப் போட்டுவிட்டோம் என்று பலகை நட்டுவிட்டுப் போவார்கள்.

எனக்கு இது மூன்றாவது ஊர். என் தோல் தடித்துப்போயிற்று. ஆனால் இந்த முறை டெஸ்ஸாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

டெஸ்ஸா என் மகள். ஐந்தாம் வகுப்பு. போன ஊரைவிட்டுக் கிளம்பியபோது காரின் பின்சீட்டில் வழிநெடுக அழுதாள். இனிமேல் உன்னை எங்கேயும் இழுத்துக்கொண்டு அலையமாட்டோம், படிப்பு முடிகிறவரை இதே ஊர், இதே வீடு என்று அவள் தலையில் கைவைத்துச் சொன்னேன். ராய்ஸை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவுசெய்ய நாளைக்குக் கல்லூரி நிர்வாகக் குழு கூடுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அது எப்படியோ போகட்டும். இந்தக் கண்றாவி அவள் கண்ணில் படக் கூடாது.

இரவு உடையின்மேல் ராய்ஸின் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப் பிடுங்க ஆரம்பித்தேன். லேசில் வரவில்லை. ஆழமாகத்தான் அடித்திருந்தார்கள், பாவிகள்.

ராய்ஸ் சமையலறையில் நேற்றைய ஆட்டத்தின் பதிவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடவிடுவார், நிறுத்துவார், பின்னால் இழுத்து மறுபடியும் ஓடவிடுவார். எத்தனை தடவை பார்த்தாலும், பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அந்தப் பையன் கடைசியில் அதை நழுவவிடத்தான் போகிறான்.

பக்கத்து வீட்டு ஓபல் காபிக் கோப்பையோடு வேலியோரம் வந்து நின்றாள். தலையில் முடி சுருட்டுகிற உருளைகள்.

“நான் நடலம்மா, முதல்லயே சொல்லிட்டேன். நான் நட்டிருந்தா இப்படிக் கோணலாவா நிக்கும்?”

“உங்க வீட்டுக்காரரு?”

“அவரு வானொலியில திட்டுறதோட சரி. முதுகுவலி, குனிய முடியாது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே அழுகையும். ஓபல் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, தானும் இரண்டைப் பிடுங்கினாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் சர்ச்சில் இதே ஓபல் என் பக்கத்தில் உட்காருவாள். பலகை நட்டவர்களும் முன்வரிசையிலிருந்து திரும்பி, உங்களுக்காக ஜெபிக்கிறோம் என்று என் கையைப் பிடிப்பார்கள். பொய் இல்லை, நிஜமாகவே ஜெபிப்பார்கள். அதுதான் தாங்க முடியாது.

எல்லாவற்றையும் அள்ளி கார் ஷெட்டுக்குள் போட்டுப் பூட்டினேன். டெஸ்ஸா இன்னும் எழுந்திருக்கவில்லை. அப்பாடா என்றிருந்தது.

கோட்டுப் பையில் கைபேசி அடித்தது. தெரியாத எண்.

“ஹலோ, காலையிலயே தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். வீடு விஷயமாப் பேசலாமா?” ஒரு பெண் குரல்.

“ஏங்க, தோத்தா தோத்ததுதான். அதுக்குன்னு ஃபோன் போட்டெல்லாமா கிண்டல் பண்ணுவீங்க?”

“என்ன தோத்தது? நாங்க ஊருக்குப் புதுசுங்க. என் வீட்டுக்காரருக்கு இங்க ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு. தெருமுனையில உங்க போர்டைப் பார்த்தோம்.”

“அது விளையாட்டுக்கு வச்சதுங்க. நாங்க வீடு விக்கல.”

“விளையாட்டுக்கா?” அவள் குழம்பிப்போனாள். “மூணு ரூம், பின் ரூம் ஜன்னல் மட்டும் சரியா மூடாது, மத்தபடி நல்ல வீடுன்னு எழுதி, இந்த நம்பரையும் போட்டிருக்கே. குறையக்கூட மறைக்காம எழுதியிருக்காங்களேன்னுதான் கூப்பிட்டேன்.”

தெருமுனையைப் பார்த்தேன். பள்ளிப் பேருந்து வந்து நிற்கிற இடத்தில் ஒரு அட்டை நின்றது. மற்றப் பலகைகளில் பாதி உயரம்கூட இல்லை. புல்வெளியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது கண்ணில் படவேயில்லை.

ஊரில் எந்த ரசிகனுக்கும் என் எண் தெரியாது. அந்த ஜன்னலைப் பற்றியும் தெரியாது.

பின் அறையில் படுப்பது டெஸ்ஸா.

“ஹலோ, இருக்கீங்களா?” என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

பின்னால் கதவு திறந்தது. டெஸ்ஸா தலைவாரி, சர்ச் உடுப்பும் போட்டுக்கொண்டு தயாராக நின்றாள். எப்போதோ எழுந்துவிட்டிருக்கிறாள். இந்த ஊர்ப் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அந்த முகத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

“வாங்குறவங்களாம்மா?” என்று ரகசியமாகக் கேட்டாள். “ஜன்னலை அப்பா சரி பண்ணிக் குடுத்துடுவாருன்னு சொல்லும்மா.”