காகிதக் கட்சி

"அந்த மெஷினைக் கொஞ்சம் பைக்குள்ள வைம்மா. இது வாசகர் வட்டம்."

சந்தானம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

சுப்ரஜா ஈ-ரீடரைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் கணவன் ஷ்யாம் ஆபீஸ் வேலையாக அமெரிக்கா போனபோது வாங்கி வந்தது. புனேயின் ஹடப்சர் பகுதித் தமிழர்கள் அப்படி ஒன்றை அதுவரை பார்த்ததில்லை. பார்த்ததும் பிடிக்கவில்லை.

புனேயில் தமிழ்ப் புத்தகத்துக்கு நாதியில்லை என்று அவர்கள் சேர்ந்து தொடங்கிய வட்டம் அது. ஒரு பள்ளிக்கூடம் ஞாயிற்றுக்கிழமைகளில் அறை கொடுத்து, புத்தகம் வைக்க அலமாரிகளும் கொடுத்திருந்தது. வங்கி மேலாளர் சந்தானம்தான் தலைவர். இன்றைய தலைப்பும் அவர் கொடுத்ததே: 'காகிதமா, கருவியா?' முடிவு செய்துகொண்டுதான் அவர் தலைப்பு வைப்பார்.

"புத்தகத்தைத் திறந்ததும் ஒரு வாசனை வரும் பாருங்க." கண்ணை மூடி மூச்சை இழுத்தார். "அது மெஷின்ல வருமா? பேட்டரி தீர்ந்தா உங்க கதாநாயகி கல்யாணம் பாதியில நின்னுடும்."

கைதட்டல்.

ருக்மிணி மாமி எழுந்தாள். "எனக்கெல்லாம் தலைமாட்டுல புஸ்தகம் இல்லேன்னா தூக்கமே வராது."

"படிச்சா வர்ற தூக்கமா, பக்கத்துல வெச்சுண்டாலே வந்துடுமா மாமி?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

சந்தானம் சுப்ரஜா பக்கம் திரும்பினார். "நீயும் சொல்லும்மா. அதுல அப்படி என்ன சுகம்?"

"குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஒரு கையால படிக்கலாம் சார்" என்று முணுமுணுத்தாள். "எழுத்தையும் பெரிசாக்கிக்கலாம்."

"கேட்டீங்களா? ஒரு கை போதுமாம். புத்தகத்தை ரெண்டு கையாலயும் ஏந்தணும்மா. கோயில் பிரசாதம் மாதிரி."

இன்னும் பலமாகக் கைதட்டல். பிரசாதம் எப்படித் தன் வாயில் வந்தது என்று சந்தானத்துக்கே வியப்பு. அடுத்த முறை மும்பையில் பேசும்போதும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

செயலாளர் அப்துல் காதர் எழுந்தார். காசார்வாடியில் லேத் பட்டறை வைத்திருப்பவர்.

"தலைவரே, ஒரு விஷயம். ஸ்கூல்ல இந்த ரூமைத் திருப்பிக் கேட்டுட்டாங்க. இன்னிக்கே காலி பண்ணணும். புத்தகத்தையெல்லாம் காலையிலயே கட்டி வெச்சுட்டேன். டெம்போ வாசல்ல நிக்குது. யார் வீட்டுக்கு விடட்டும்?"

அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். மூலையில் சணல் கயிற்றுக் கட்டுகள். சந்தானம் இவ்வளவு நேரமும் காலி அலமாரிகளுக்கு முன்னால் நின்றுதான் பேசியிருக்கிறார்.

"என்ன காதர், திடீர்னு சொல்றீங்க?"

"போன மாசமே சொன்னேன் தலைவரே. கூட்டத்துல பேசிக்கலாம்னீங்க." அவர் தயங்கினார். "நானே எடுத்துப்பேன். பட்டறைக்கு மேல ஒரே ரூம், மழைக்கு ஒழுகுது. யாரும் எடுக்கலேன்னா ரத்திக்கடைதான். எடைக்குப் போட்டுட வேண்டியதுதான்."

"எடைக்கா? பாவம் சுத்தும்" என்றாள் ருக்மிணி மாமி.

"அப்ப உங்க வீட்டுக்கு விடட்டுமா மாமி?"

"எங்காத்து ஷோகேஸ்ல பொம்மையெல்லாம் அடுக்கியாச்சே. ஒட்டடைக்குச்சி வைக்கக்கூட இடமில்லை."

முன்வரிசை சுந்தரராமனுக்கு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அவருக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு வாடகை வீடு. கறையான் வரும் என்று வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். மற்றவர்கள் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள்.

அப்துல் காதர் தலைவரைப் பார்த்தார்.

"நியாயமா என் வீட்டுக்குத்தான் வரணும்" என்றார் சந்தானம். "ஆனா என் பொண்ணு அம்முவுக்குப் பழைய பேப்பர் வாசனை ஒத்துக்காது. தும்ம ஆரம்பிச்சா நிக்காது."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. அவசரமாகத் தண்ணீர் குடித்தார்.

வெளியே டெம்போக்காரர் ஹாரன் அடித்து, இன்னும் எவ்வளவு நேரம் என்று மராத்தியில் கத்தினார்.

"சரி, ரத்திக்கடைக்கே விடச் சொல்றேன்." அப்துல் காதர் ஒரு கட்டைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"எங்க வீட்டுக்கு விடச் சொல்லுங்க பாய்."

சுப்ரஜாதான்.

"உங்க வீட்டுக்கா? நீங்க காகிதப் புத்தகமே படிக்கிறதில்லையேம்மா."

"அதனாலதான் பாய். நான் படிக்கிறதெல்லாம் இந்தப் பைக்குள்ளயே அடங்கிடுது. வீட்ல சுவர் அலமாரி பூராவும் காலியா கிடக்கு. யார் வேணும்னாலும் ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கட்டும்."

இதற்கு யாரும் கைதட்டவில்லை. கட்டுகள் ஒவ்வொன்றாக டெம்போவில் ஏறின.

சந்தானம் சுப்ரஜாவை வழியனுப்ப வாசல் வரை வந்தார். யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, உங்க அலமாரியில இன்னும் கொஞ்சம் இடம் இருக்குமா? ஃப்ளாட்டுக்குக் குடிவந்ததுலேர்ந்து என்னோட புத்தகமெல்லாம் பரண்ல மூட்டையா கிடக்கு. போற வழிதான். டெம்போவை எங்க வீட்டு வாசல்ல ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லேன்."