கேட்காமல் வைத்த கத்தி

“கத்தி வைக்கறதுக்கு முன்னாடி நோயாளிகிட்ட சம்மதம் வாங்கினியா?”

மருத்துவ அறநெறிப் பேராசிரியரின் குரலில் வகுப்பறைக் கடுமை அப்படியே இருந்தது. எதிரே நின்ற அறுவை மருத்துவர் அவருடைய பழைய மாணவர்.

“நினைவில்லாம கிடந்தார் சார்.”

“மனைவி என்ன சொன்னா?”

“வேண்டாம், விட்டுடுங்கன்னாங்க. குடல் வெடிச்சிருந்துச்சு. விட்டிருந்தா ஆள் போயிருப்பார்.”

“போகட்டுமே. முடிவெடுக்க நீ யாரு? வகுப்புல தொண்டை கிழியக் கத்தினேனே, ஒண்ணாவது மண்டையில ஏறிச்சா? புகார் கொடுத்து உன் வேலைக்கு உலை வைக்காம விடமாட்டேன்.”

மருத்துவர் குனிந்தார். போர்வையை விலக்கிப் பேராசிரியரின் வயிற்றுத் தையலைப் பார்த்தார்.

“கத்தாதீங்க சார், தையல் பிரிஞ்சிடும்.”

கட்டிலோரம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த பேராசிரியரின் மனைவி தலை நிமிரவில்லை.

“நான் அன்னைக்கே வேண்டாம்னு சொன்னேன். கேட்டீங்களா டாக்டர்?”