செய்முறைத் தேர்வு

கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். வலது பக்கம் விளங்காது. பேச்சும் வராது.

தேர்வுக்காக அவளுக்குக் கொடுத்திருந்த நோய் அது.

பயிற்சி மையத்துப் பொம்மையின் இடுப்பு எப்போதோ கழன்றுவிட்டது. முதியோர் பராமரிப்புப் படிக்க வந்த பெண்களே மாற்றி மாற்றி நோயாளியாகப் படுத்துக்கொண்டார்கள். யாருக்கு யார் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அவளுக்குச் சண்முகத்தாய்.

கொழுந்தன் மனைவி. மாமியார் செத்து, பிணத்தை எடுத்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

மதுரையிலிருந்து தேர்வு நடத்த வந்த மேடம் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"செய்யறத வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யணும். சொல்லலன்னா மார்க் கிடையாது."

ஊருக்கு வெளியே புதிதாகத் திறந்த முதியோர் இல்லம் ஒரே ஒருத்தியைத்தான் கேட்டிருந்தது. நிறைய மார்க் எடுப்பவளை. அது இருவருக்கும் தெரியும்.

சண்முகத்தாய் கைகழுவி வந்தாள். குனிந்தாள்.

"அம்மா, உங்கள இடது பக்கமாத் திருப்பப் போறேன். பயப்படாதீங்க."

தேனாக வந்தது குரல். 'எங்க அத்த முதுகுல கைமுட்டி போற குழி. மூத்தவ பாத்த லட்சணம்' என்று தெருக்குழாயடியில் நின்று சொன்னதும் இதே வாய்தான்.

அவள் உடம்பைக் கெட்டியாக்கிக்கொண்டாள். கல்லாகக் கிடந்தாள்.

திருப்பு, பார்ப்போம்.

சண்முகத்தாய் இழுக்கவில்லை. முழங்காலை மடக்கி நிறுத்தினாள். ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில். அவ்வளவுதான். உடம்பு அவளைக் கேட்காமலே உருண்டது.

முதுகுக்கு ஒரு தலையணை. முழங்கால்களுக்கு நடுவே இன்னொன்று.

"இப்ப முதுகப் பாக்கேன் மேடம். குறுக்கு, இடுப்பு, குதிகால். செவந்திருந்தா அப்பவே தெரிஞ்சுரும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்காத் திருப்பிப் போட்டா படுக்கப்புண்ணு வராது. வந்துச்சுன்னா, பாத்துக்கிட்டவ போட்டது போட்டபடி விட்டுட்டான்னு அர்த்தம்."

மேடம் தலையாட்டினார். எல்லாம் பாடத்தில் இருந்ததுதான். கடைசி வரியைத் தவிர.

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

நோயாளிக்குப் பேச்சு வராது. சுவரைப் பார்த்துக் கிடந்தாள்.

பீ மூத்திரம் அள்ளியது யார். நீ தீபாவளிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்து வாசலோடு போனவள். அசைத்தால் கிழவிக்கு நோகும் என்றுதானே அவள் அசைக்காமல் வைத்திருந்தாள். பழஞ்சேலைகளை மெத்தென்று அடுக்கி, அதன்மேல் அப்படியே கிடத்தி. பூ மாதிரி.

ஆனால் இப்போது நோகவில்லை.

அதுதான் பொறுக்க முடியவில்லை. சண்முகத்தாயின் கை பட்ட இடமெல்லாம் லேசாக இருந்தது. தலையணை தாங்கியதும் முதுகு மூச்சு விட்டது.

இவ்வளவுதானா.

மேடம் அவள் முகத்தருகே குனிந்தார்.

"இப்ப நீங்க பேசலாம். திருப்பும்போது எங்கயாவது வலிச்சுதா?"

முதுகுப் பக்கம் சண்முகத்தாயின் மூச்சு நின்றிருந்தது.

"தோள்பட்ட வலிச்சுது மேடம். புடிச்சு முறுக்குன மாதிரி."

பேனா ஓடியது.

அடுத்து சண்முகத்தாய் நோயாளி. கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள். மூத்தவள் எழுந்த சூடு ஆறுவதற்குள் கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

"எம் முதுகயாவது பாத்துத் திருப்புக்கா," என்றாள், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

மூத்தவள் கை கழுவப் போனாள். விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினாள். அக்குளில் கட்டைவிரலை எந்த இடத்தில் கொடுத்தால் வலியில் உயிர் போகும், எப்படிக் கொடுத்தால் மேடம் கண்ணில் படாது என்று யோசித்தபடியே கழுவினாள். ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

முழங்காலை மடக்கினாள். தோளுக்கடியில் கையைக் கொடுத்தாள். விரல் அந்த இடத்தைத் தொட்டது.

முதலில் சொல்ல வேண்டும்.

"அத்த," என்றாள். "உங்கள இடது பக்கமாத் திருப்பப் போறேன்."

சண்முகத்தாய் கண்ணைத் திறந்தாள்.

அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

கட்டைவிரல் அழுத்தவும் இல்லை, விலகவும் இல்லை.

"ம், மேல சொல்லுங்க," என்றார் மேடம்.