வளையல் சத்தம்

பாவாயி செத்துப்போன பிறகு அவளுடைய பசு வேறு யாரையும் மடியில் கைவைக்க விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வியாபாரி வந்து பிடித்துப்போவதாக ஏற்பாடு. அவள் பால் கறந்துகொண்டே பசுவோடு பேசியது மகளின் போனில் பதிவாகியிருந்தது. மகள் ஊருக்குக் கிளம்பும் முன், பாவாயியின் கணவர் நாச்சிமுத்து அதைத் தன் சின்னப் பாட்டுப்பெட்டியில் ஏற்றிப் பார்த்தார். பெட்டி பாடவில்லை.

செல்போன் கடைப் பெண் அதை எம்பி3யாக மாற்றிக் கொடுத்தாள். "இரைச்சலையெல்லாம் எடுத்துட்டனுங்க ஐயா. பேச்சு மட்டும் சுத்தமா கேக்கும்."

கேட்டது. பசு காதைத் திருப்பிப் பார்த்துவிட்டு உதைத்தது.

அவர் மறுபடி கடைக்குப் போனார். "அந்த வளையல் சத்தத்தை எடுக்காம மாத்திக் குடு அம்மணி."

மறுநாள் காலை, பசுவின் கழுத்தில் கட்டிய பெட்டிக்குள் கண்ணாடி வளையல்கள் குலுங்கின. பசு காலை அகட்டி நின்றது. முதல் பீச்சு பாத்திரத்தில் விழுந்த பிறகுதான் நாச்சிமுத்துவுக்கு மூச்சு வந்தது. வியாபாரியை வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

பாத்திரம் பாதிகூட நிறைந்திருக்காது.

"போதும் சாமி," என்றாள் பாவாயி. "மிச்சம் உன்ற கன்னுக்கு."

நாச்சிமுத்து மடியிலிருந்து கையை எடுத்துவிட்டு, கன்றை அவிழ்க்கப் போனார்.