தோற்றவர் வீட்டு விருந்து

"உப்பு பாரு ராஜேந்திரா. ஜெயிச்சவங்க வாயில வெச்சதும் முகம் சுளிக்கக் கூடாது."

சிவலிங்கம் நீட்டிய கரண்டியிலிருந்து கறிக்குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கினார் ராஜேந்திரன். "பரவால்லபா. தோத்தவன் வெச்ச கொழம்பு மாதிரியே இல்ல."

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் இருவரும் ஒரே ஷிஃப்ட். அங்கே யூனியன் தலைவர் தேர்தல் முடிந்ததும், ஜெயித்தவர் தோற்றவர் வீட்டுக்கு வந்து சாப்பிட வேண்டும். மறுநாள் ஒரே கேஜ் லிஃப்டில் ஏறிப் பாதாளத்துக்கு இறங்குகிறவர்கள் மனசில் பகையோடு இறங்கலாமா? சுரங்கம் மூடியும், ஓய்வுபெற்றோர் சங்கத் தேர்தலில் அந்த வழக்கம் மட்டும் நின்றபாடில்லை. இன்று காலை மண்ணைக் கவ்வியவர் சிவலிங்கம்.

"அப்போல்லாம் எலெக்‌ஷன்னா தப்பட்டை இன்னா, சுரங்க ஷாஃப்ட் வாசல்ல மீட்டிங் இன்னா! இப்போ வாட்ஸப்புல ஒரு கும்பிடு, முடிஞ்சுபோச்சு" என்றார் அவர்.

"அப்போ நம்மளுக்கு மட்டும்தான் ஓட்டு. இப்போ குடும்பத்துக்கே ஓட்டு. உன் எதிராளி தண்ணி வராத தெருவுல எல்லாம் போய் நின்னாங்க, ஜெயிச்சாங்க. நீ மைக்கைப் புடிச்சு 'அவங்களுக்கு இன்னா தெரியும்'னு கேட்ட."

சிவலிங்கத்துக்குச் சுருக்கென்றது. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு எதிர் வேட்பாளர் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பதவி போனதுகூட வலிக்கவில்லை. இந்த மௌனம்தான் வலித்தது.

"வருவாங்களா ராஜேந்திரா? வந்து சாப்பிட்டாங்கன்னா போதும்பா."

"வராம எங்க போவாங்க?"

வாசலில் பட்டாசு வெடித்தது. மாலையும் கழுத்துமாக வந்த புதுத் தலைவர், யாரையும் பார்க்காமல் இலை முன்னால் உட்கார்ந்தார். சிவலிங்கம் களியை வைத்துக் குழம்பை ஊற்றினார்.

ஒரு வாய் உள்ளே போனது. பிறகு இன்னொரு வாய்.

சிவலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் பேசினது தப்பு. வந்ததுக்கு ரொம்ப நன்றி."

"நன்றிய நான்தான் சொல்லணும். நீங்க தோத்தப்பல்லாம் ஜெயிச்சவங்களுக்கு ஆக்கிப் போட்டவ நான். எனக்குன்னு ஆக்கி வெச்சு ஒருத்தர் காத்திருந்தது இன்னிக்குத்தான்" என்ற லீலா, வாசலில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தார். "தென்றல், உன் வீட்டுல இருக்கிற என் துணிப்பையைக் கொண்டாந்துடும்மா. அப்பா சமைக்கக் கத்துக்கிட்டாரு, இனிமே நான் நம்ம வீட்டுலயே இருக்கேன்."