காலிச் சாக்கு

எட்டாவது முறையாகச் சாக்கோடு வந்தாள் செங்கமலம். ஆய்வாளர் யாஸ்மின் நோய்ப்பூஞ்சை தெளித்த தக்காளிச் செடிகள் ஐந்தாம் நாள் கருகிக் கிடக்கும். அவற்றைப் பிடுங்கிக் கொண்டுபோய் எரிப்பது அந்த ஆய்வுக்கூடத்தில் செங்கமலத்தின் வேலை. கண்ணாடிக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். செடிகளெல்லாம் பச்சைப்பசேலென்று நின்றன.

"மேடம், இந்தத் தடவ பூசணம் தெளிக்க மறந்துட்டீங்களா?"

யாஸ்மின் எட்டிப் பார்த்தாள். ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு நுண்ணோக்கி அருகே ஓடினாள். நோயை எதிர்க்கும் புரதத்தைப் பச்சையாக ஒளிரும்படி செய்திருந்தாள். ஏழு முறையும் அது ஒவ்வொரு செல்லின் நடுவிலும், உட்கருவுக்குள் பொட்டாகச் சுருண்டு கிடந்தது. இந்த முறை அதை ஓரத்திலேயே நிறுத்திவைக்க ஒரு சின்னப் புரதத் துணுக்கை வாலாக ஒட்டியிருந்தாள். இப்போது செல்லுக்குச் செல், விளிம்பெல்லாம் பச்சை வளையம். வெளியே, நுழைய வழியில்லாமல் பூஞ்சை இழைகள்.

செங்கமலத்தின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "பாருங்கக்கா, காவலுக்கு நிக்குது!"

"புது ஆளா மேடம்?"

"பழைய ஆளேதான். இத்தன நாள் உள்ரூம்ல தூங்குச்சு. வாசல்ல நிக்க வச்சேன், அவ்ளோதான்!"

செங்கமலம் திரும்பிப் போய், சாக்கை உதறிச் செடிகளுக்கு எதிரே விரித்து, சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"எரிக்கிற நேரம் மிச்சம்தானே மேடம். கொஞ்ச நேரம் கண்ணாரப் பாத்துட்டுப் போறேன்."