பூட்டுக்குப் பொட்டு

கருவிகளுக்குப் பூஜை போடும் தசரா காலை. போசரி பட்டறையில், சாமான்களைப் பூட்டிவைக்கப் போன வாரம் எழுப்பிய இரும்பு வலைத் தடுப்புக்கு வெளியே குங்குமமும் சாமந்தியும் தேங்காயும் வைத்த தட்டோடு நிற்கிறான் ஞானோபா. உள்ளே, இருபது வருஷமாக அவன் கைபட்டுப் பிடி தேய்ந்த சுத்தியல்மேல் வெயில் வலையின் நிழலைக் கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறது. "பூஜைக்கு மட்டும் எடுத்துக் குடுங்க, பாபுராவ்." ஸ்டோர்க்காரர் நிமிரவில்லை. "வேலைச் சீட்டு இருந்தாத்தான் சாமான் வெளிய வரும். இன்னைக்கு வேலையே இல்ல, சீட்டு ஏது?" ஞானோபா உள்ளே எறியும் சாமந்தி கம்பியில் சிக்கி, அவன் வெறுங்காலிலேயே இதழ் இதழாக உதிர்கிறது. "இத்தனை வருஷம் உழைச்சவன் திருடனாய்யா?" தடுப்புக் கதவில் தொங்கும் பூட்டுக்கு அவன் குங்குமத்தை அழுத்தி வைக்கிறான். தேங்காயை அதன்மேலேயே ஓங்கி உடைக்கிறான். வலை முழுக்க அதிர, தண்ணீர் பாபுராவ் மூஞ்சியில் தெறிக்கிறது. ஞானோபா பூட்டைத் தட்டிக்கொடுக்கிறான். "முதலாளி நம்புற ஒரே வேலைக்காரன் இவன்தான். நல்லா இருக்கட்டும்!"